சின்ன விமானத்தில் கடல் தாண்டக் கூப்பிட்டால், ஏறுவதற்கு முன் என்ன கேட்பது

தெரிந்தவர் ஒருவர் "நம்ம விமானத்திலேயே போய்விடலாம், ஒரு மணி நேரம்தான்" என்கிறார். நான்கு அல்லது ஆறு இருக்கை, ஒரே எஞ்சின், ஒரே பைலட், நடுவில் கடல். போகாதீர்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை, இப்படிப் போகிறவர்களில் பெரும்பாலானோர் சுகமாகப் போய்ச் சேர்கிறார்கள். ஆனால் டிக்கெட் வாங்கி ஏறும் விமானத்தில் உங்களுக்காக யார் யாரோ முன்கூட்டியே பார்த்து வைத்திருக்கும் விஷயங்களைத் தனியார் பறப்பில் பார்ப்பதற்கு வேறு ஆள் கிடையாது. வானிலை பார்ப்பதும், எஞ்சின் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதும், "இன்றைக்கு வேண்டாம்" என்று சொல்ல வேண்டியதும் அந்த ஒரே பைலட்தான். அவர் எடுத்த முடிவைத் திருப்பிக் கேட்கக்கூடிய இன்னொரு ஆள் அங்கே இருக்கிறார் என்றால் அது நீங்கள்தான். நான் பைலட் இல்லை, விபத்து அறிக்கைகளை விடாமல் படிக்கிறவன், அவ்வளவுதான். படித்த வரையில் கடலில் விழுந்த சின்ன விமானங்களின் கதை பல நேரம் தரையிலேயே எழுதி முடிந்திருக்கிறது.

முதலில் யார் ஓட்டுகிறார், எந்தத் தகுதியில் ஓட்டுகிறார் என்று கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும், சரி. ஆனால் எமிலியானோ சாலா விஷயத்தைப் பாருங்கள். அர்ஜென்டினாக்காரர், 28 வயதுக் கால்பந்து வீரர், பிரான்ஸின் நான்ட் அணியிலிருந்து பிரிட்டனின் கார்டிஃப் அணிக்கு அப்போதுதான் ஒப்பந்தமாகியிருந்தார். 2019 ஜனவரி 21 இரவு நான்ட்டிலிருந்து கார்டிஃப் போக ஒரு பைப்பர் மாலிபு விமானம் ஏற்பாடானது. 1984இல் செய்த ஒற்றை எஞ்சின் விமானம். அதை வணிக முறையில் ஆள் ஏற்றிப் பறக்கவிட அனுமதி இல்லை. பைலட்டிடம் இருந்தது தனியார் உரிமம், அதாவது காசு வாங்கிக்கொண்டு ஆள் ஏற்ற முடியாது. இரவில் பறக்கும் தகுதியும் இல்லை, அந்த வகை விமானத்துக்கான தகுதியும் காலாவதியாகியிருந்தது. இதில் எதுவுமே சாலாவுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை, ஏனென்றால் பின்னிருக்கையில் இருந்து பார்த்தால் எல்லா பைலட்டும் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். ஏறிய பிறகு நண்பர்களுக்கு அனுப்பிய குரல் பதிவில், விமானம் உடைந்து விழுந்துவிடும் போலிருக்கிறது என்று பயத்தையும் விளையாட்டையும் கலந்து சொன்னார். குவெர்ன்சி தீவுக்கு வடக்கே ஆங்கிலக் கால்வாயில் விமானம் விழுந்தது. இருவருமே பிழைக்கவில்லை. பறப்பை ஏற்பாடு செய்தவருக்கு 2021 நவம்பரில் 18 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது.

ஆகவே கேள்விகள் இவை: உங்கள் உரிமம் எந்த வகை? இந்த விமானத்துக்கும் இந்த நேரத்துக்கும் அது செல்லுமா? கடைசி 90 நாளில் எத்தனை முறை ஏறி இறங்கியிருக்கிறீர்கள்? நல்ல பைலட்டுக்கு இந்தக் கேள்விகள் பிடிக்கும், பெருமையோடு பதிவேட்டையே எடுத்துக் காட்டுவார். முகம் சுளிக்கிறவரோடு கடல் தாண்ட வேண்டுமா என்று யோசியுங்கள். பணத்தையும் சேர்த்துக் கேளுங்கள். நண்பர்கள் எரிபொருள் செலவைப் பகிர்ந்துகொள்வதைப் பல நாடுகளின் விதிகள் அனுமதிக்கின்றன, பைலட்டும் தன் பங்கைப் போட வேண்டும் என்பது பொதுவான நிபந்தனை. நீங்கள் முழுக் கட்டணம் கொடுக்கிறீர்கள், அல்லது உங்களுக்காக யாரோ கொடுக்கிறார்கள் என்றால் அது தனியார் பறப்பே இல்லை, வாடகை விமானம். அப்போது வாடகைக்கு விமானம் இயக்க அந்த நிறுவனத்துக்கு இருக்கும் அனுமதிச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாமல் "அதெல்லாம் நம்மவர்தான்" என்றால் அங்கேயே நிறுத்துங்கள். காப்பீடும் செல்லாமல் போகலாம் என்பது இன்னொரு தலைவலி.

அடுத்தது இருட்டும் மேகமும். என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் பெரிய விஷயம் இதுதான்.

அடிவானம் தெரியாவிட்டால் மனித உடலுக்கு மேல் எது கீழ் எது என்று தெரியாது. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு மெல்லத் தொடங்கும் திருப்பத்தை உணராது. விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்து வட்டமடித்துக் கீழே போய்க்கொண்டிருக்கும், உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கோ நேராகப் போவதுபோலவே இருக்கும். உயரம் குறைவதைப் பார்த்து விமானத்தின் மூக்கைத் தூக்கினால் சுழல் இன்னும் இறுகும். 1954இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் பயிற்சி இல்லாத 20 பேரை அடிவானம் தெரியாத நிலையில் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். இருபது பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள். அதற்கு ஆன சராசரி நேரம் 178 விநாடி. மூன்று நிமிடம்கூட இல்லை.

கடல் மேல் இது இன்னும் மோசம், ஏனென்றால் நிலத்தில் இருப்பதுபோல் விளக்குகள் கிடையாது. தெளிவான இரவாக இருந்தாலும் நிலா இல்லாமல், கொஞ்சம் பனிமூட்டம் இருந்தால் வானமும் தண்ணீரும் ஒன்றாகிவிடும். அமெரிக்க அதிபராக இருந்த கென்னடியின் மகன் ஜான் எஃப் கென்னடி ஜூனியர் விஷயம் அதுதான். 1999 ஜூலை 16, நியூ ஜெர்சியிலிருந்து மார்த்தாஸ் வின்யார்ட் தீவுக்குப் பைப்பர் சரடோகா விமானத்தைத் தானே ஓட்டிக்கொண்டு போனார். கூட மனைவி கரோலின், கரோலினின் அக்கா லாரன். ஏறக்குறைய 310 மணி நேரம் பறந்த அனுபவம் இருந்தது, கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் தகுதி இன்னும் வாங்கவில்லை. அன்றைய வானிலை அவருடைய உரிமத்துக்குச் சட்டப்படி சரியாகவே இருந்தது. இரவு 8:38க்குக் கிளம்பி, 9:41 அளவில் தீவுக்குச் சில மைல் தொலைவில் தண்ணீரில் மோதினார்கள், கடைசி நொடிகளில் நிமிடத்துக்கு 4,700 அடிக்கு மேல் என்ற வேகத்தில் இறக்கம். விமானத்தில் பழுது எதுவும் இல்லை. இருட்டில் கடல் மேல் இறங்கும்போது திசை உணர்வு தவறிவிட்டது என்பதுதான் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் முடிவு. சட்டம் அனுமதிப்பதும் பத்திரமாக இருப்பதும் வேறு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான வழக்கை நான் படித்ததில்லை.

எனவே பைலட்டிடம் கேளுங்கள்: மேகத்துக்குள் பறக்கும் தகுதி உங்களிடம் இருக்கிறதா? இல்லையென்றால் முழு வழியிலும் பகல் வெளிச்சம் இருக்குமா, கிளம்பத் தாமதமானால் என்ன செய்வோம்? இந்தக் கடைசிக் கேள்வியில்தான் பலர் தடுமாறுவார்கள். மதியம் இரண்டு மணிக்குக் கிளம்ப வேண்டியது யாரோ தாமதமாக வந்ததால் ஐந்தரைக்குப் போய், அப்புறம் பாதி வழியில் இருட்டி, கரை வந்துவிடும் வந்துவிடும் என்று போய்க்கொண்டே இருப்பது. தாமதத்துக்குக் காரணம் பெரும்பாலும் பயணிதான். அவசரத்துக்குக் காரணமும் பயணிதான். சாலாவுக்கு மறுநாள் பயிற்சிக்குப் போக வேண்டியிருந்தது. அதனால் நீங்கள் பைலட்டுக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி, கிளம்பும் முன்பே வாய்விட்டுச் சொல்வது: "நாளைக்குப் போனாலும் எனக்குப் பரவாயில்லை, திரும்பிவிட்டாலும் பரவாயில்லை." சும்மா சொன்னால் போதாது, உண்மையிலேயே மறுநாள் கப்பலுக்கோ ரயிலுக்கோ வழி பார்த்து வைத்திருங்கள், அப்போதுதான் அந்தப் பேச்சுக்கு மதிப்பு.

ஹீட்டர் பற்றியும் கேட்க வேண்டும். வெயில் காலத்தில்கூட உயரத்தில் குளிரும். இந்தச் சின்ன பிஸ்டன் எஞ்சின் விமானங்களில் பெரும்பாலும் புகைபோக்கிக் குழாயைச் சுற்றி வரும் காற்றுதான் சூடாகி உள்ளே வருகிறது. குழாயில் ஒரு விரிசல் போதும், கார்பன் மோனாக்சைடு உள்ளே வந்துவிடும். வாசனை இல்லை, நிறம் இல்லை. சாலாவின் இரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு கலந்த ஹீமோகுளோபின் 58 சதவீதம் இருந்தது, ஐம்பதைத் தாண்டினாலே நல்ல உடம்புக்காரருக்கும் உயிர் போகக்கூடும். பைலட்டும் அதே காற்றைத்தான் சுவாசித்தார், ஓரளவாவது மயக்கத்தில் இருந்திருப்பார் என்றுதான் பிரிட்டனின் விமான விபத்து விசாரணைப் பிரிவு 2020 அறிக்கையில் சொன்னது. அதனால் காக்பிட்டில் சத்தம் போடும் மின்னணு எச்சரிக்கைக் கருவி இருக்கிறதா என்று பாருங்கள். நிறம் மாறும் ஒட்டு அட்டை ஒன்று கருவிப் பலகையில் ஒட்டியிருக்கும், அதை யாரும் பார்ப்பதில்லை, பல நேரம் காலாவதியாகி வெளுத்துப் போயிருக்கும், அதை நம்பாதீர்கள். பிரிட்டனில் 2025 தொடக்கத்திலிருந்து பைலட் அல்லாத பயணிகளை ஏற்றும் பிஸ்டன் விமானங்களில் மின்னணுக் கருவி கட்டாயம். மற்ற இடங்களில் நீங்களே ஒன்றை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகலாம், ஒன்றும் பெரிய விலை இல்லை. பறக்கும்போது தலைவலி, குமட்டல், காரணமில்லாத தூக்கம் வந்தால் வாயை மூடிக்கொண்டு இருக்காதீர்கள். ஹீட்டரை நிறுத்தி, வெளிக்காற்றைத் திறந்து, இறங்கச் சொல்லுங்கள்.

எஞ்சின் நின்றால் எவ்வளவு தூரம்?

இதற்கு மனக்கணக்கே போதும். செஸ்னா 172 மாதிரியான விமானம் எஞ்சின் நின்றாலும் கல்போல் விழாது, ஒவ்வோர் அடி இறங்குவதற்கும் ஏறக்குறைய 9 அடி முன்னால் போகும். 2,000 அடியில் இருந்தால் ஐந்தரை கிலோமீட்டர் போகலாம். 8,000 அடியில் இருந்தால் 22 கிலோமீட்டர். 40 கிலோமீட்டர் கடலை 8,000 அடியில் தாண்டினால் நடுவில் எஞ்சின் நின்றாலும், எதிர்க்காற்று இல்லையென்றால், ஏதோ ஒரு கரையைப் பிடித்துவிடலாம். அதே கடலை 2,000 அடியில் தாண்டினால் பெரும்பகுதி நேரம் தண்ணீர்தான் கதி. "எந்த உயரத்தில் தாண்டுவோம், குறுகலான இடத்தில் தாண்டுவோமா?" என்று கேளுங்கள். அழகுக்காகத் தாழப் பறப்பதைக் கரையோரத்தில் வைத்துக்கொள்ளலாம். உயரம் நேரத்தையும் தருகிறது: 5,000 அடியிலிருந்து கீழே வர ஏழு நிமிடம் ஆகும், ரேடியோவில் இடத்தைச் சொல்லவும் கதவைத் தயார் செய்யவும் அது போதும்.

லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டுதான் ஏற வேண்டும். இருக்கைக்கு அடியில், பின்பக்கப் பெட்டியில், "தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளலாம்" என்பதெல்லாம் வேலைக்கு ஆகாது, தோளோடு தோள் இடிக்கும் அந்த இடத்தில் பெல்ட்டுக்கு மேல் ஜாக்கெட் மாட்ட முயன்று பார்த்தால் புரியும். எந்த வகை என்பதும் முக்கியம். படகில் போடும் சில ஜாக்கெட்டுகள் தண்ணீர் பட்டவுடன் தானாக ஊதிக்கொள்ளும், விமானத்துக்குள் அது எமன். தண்ணீர் நிறைந்த கூண்டுக்குள் ஊதிய ஜாக்கெட் உங்களைக் கூரையோடு ஒட்ட வைத்துவிடும், கீழே இருக்கும் கதவுக்கு முங்கிப் போகவே முடியாது. 1996இல் கடத்தப்பட்டு எரிபொருள் தீர்ந்து கொமொரோஸ் தீவுக் கடலில் இறங்கிய எத்தியோப்பியப் பயணிகள் விமானத்தில் இப்படி உள்ளேயே ஊதிக்கொண்டு சிக்கியவர்கள் பலர். கையால் கயிற்றை இழுத்தால் மட்டும் ஊதும் வகைதான் வேண்டும், வெளியே வந்த பிறகுதான் இழுக்க வேண்டும். கால்களுக்கு நடுவே போகும் பட்டை இருந்தால் மாட்டுங்கள், இல்லாவிட்டால் ஜாக்கெட் தலைக்கு மேல் உருவிக்கொண்டு போகும்.

கூடவே தனிநபர் அபாய அறிவிப்புக் கருவி ஒன்று, உள்ளங்கை அளவுதான் இருக்கும், 406 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் செயற்கைக்கோளுக்கு உங்கள் இடத்தைச் சொல்லும். விமானத்தில் பொருத்தியது ஒன்று இருக்குமே என்பார்கள். அது விமானத்தோடு மூழ்கிவிடும், தண்ணீருக்குள்ளிருந்து அந்த அலை மேலே வராது. பழைய கருவி 121.5 மெகாஹெர்ட்ஸில் மட்டும் கத்துவதாக இருந்தால் இன்னும் மோசம், 2009 பிப்ரவரி 1 முதல் செயற்கைக்கோள்கள் அதைக் கேட்பதை நிறுத்திவிட்டன. உங்கள் கருவியை உடம்போடு கட்டிக்கொள்ளுங்கள், பையில் வைக்காதீர்கள், உங்கள் பெயரில் பதிவும் செய்துவிடுங்கள்.

எஞ்சினைக் கிளப்பும் முன், தரையில் ஓர் ஐந்து நிமிடம்: கதவைத் திறந்து மூடிப் பாருங்கள், பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவை. சிரிப்பாக இருக்கும், செய்யுங்கள். பைப்பரின் தாழ்இறக்கை வகைகள் பலவற்றில் ஒரே கதவுதான், வலது முன்னிருக்கைப் பக்கம், பக்கவாட்டில் ஒரு கைப்பிடி, மேலே தனியாக இன்னொரு தாழ். வலது முன்னிருக்கையில் நீங்கள் இருந்தால் எல்லோருக்கும் முன்னால் வெளியேற வேண்டியவர் நீங்கள், நீங்கள் தடுமாறினால் நாலு பேருக்கும் வழி இல்லை. பின்னால் இருந்தால் முன்னிருக்கையை எப்படித் தள்ளுவது என்று பார்த்து வையுங்கள்.

சரி, இறங்கித்தான் ஆக வேண்டும் என்றாகிவிட்டது. பைலட் அவசர அலைவரிசையான 121.5இல் பேசி, ரேடார் திரையில் அவசரம் என்று காட்டும் 7700 என்ற எண்ணைப் போட்டு, அலைகளுக்கு இணையாக இறக்கப் பார்ப்பார், அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள். உங்கள் வேலை: ஹெட்செட்டைக் கழற்றுங்கள், அதன் ஒயர் கழுத்தில் சுற்றும். மூக்குக் கண்ணாடியைக் கழற்றுங்கள். பெல்ட்டை இழுத்து இறுக்குங்கள். பைலட் சொல்லும்போது கதவின் தாழை எடுத்துவிட்டு, இடுக்கில் ஒரு ஷூவையோ மடித்த சட்டையையோ செருகுங்கள், மோதலில் கதவுச் சட்டம் வளைந்தால் மூடிய கதவு பிறகு திறக்காது. மடித்த கோட்டை முகத்துக்கு முன்னால் பிடித்துக் குனியுங்கள். ஒரு மோதல் அல்ல, இரண்டு மூன்று வரும், கடைசியில் வருவதுதான் பலமானது. சக்கரம் உள்ளே மடங்காத விமானம் தலைகுப்புறக் கவிழ்ந்துவிடலாம். அதனால் ஒரு கையால் கதவுச் சட்டத்தையோ அதன் பக்கத்தில் அசையாத ஏதாவது ஒன்றையோ பிடித்துக்கொள்ளுங்கள், எல்லா அசைவும் நிற்கும் வரை அந்தக் கையையும் விடாதீர்கள், பெல்ட்டையும் கழற்றாதீர்கள். பயத்தில் எல்லோரும் முதலில் பெல்ட்டைத்தான் கழற்றுவார்கள். கழற்றிய நொடியில் மிதந்து சுழன்று, கதவு எந்தப் பக்கம் என்பதே போய்விடும். பிடித்த கை கதவில் இருந்தால் தலைகீழாக இருந்தாலும் வழி அந்தக் கைதான். செஸ்னா மாதிரி இறக்கை மேலே இருக்கும் விமானத்தில் இருக்கைவரை தண்ணீர் சீக்கிரம் ஏறிவிடும், வெளித் தண்ணீரின் அழுத்தத்தில் கதவு திறக்காவிட்டால் உள்ளே தண்ணீர் நிறைந்ததும் திறக்கும், அல்லது ஜன்னலைத் திறந்து விடுங்கள்.

வெளியே வந்ததும் ஜாக்கெட்டை ஊதுங்கள். குளிர்ந்த தண்ணீரில் முதல் ஒரு நிமிடம் மூச்சு தாறுமாறாக வாங்கும், அந்த நிமிடத்தில் மூச்சைத் தவிர வேறு எதையும் செய்ய முயலாதீர்கள். பிறகு ஏறக்குறைய பத்து நிமிடம்தான் விரல்கள் சொன்னபடி கேட்கும், கருவியை இயக்குவது, மிதவையில் ஏறுவது, ஒருவரையொருவர் கட்டிக்கொள்வது எல்லாம் அதற்குள். உறைகுளிரிலும் உணர்வு போக ஒரு மணி நேரம் பக்கம் ஆகும், ஆகவே விட்டுவிடாதீர்கள். கரை தெரிகிறதே என்று நீந்தப் போகாதீர்கள். 2015 ஜனவரியில் ஹவாயின் மௌயி தீவுக்கு 250 மைல் வெளியே எரிபொருள் தீர்ந்த ஒரு சிரஸ் எஸ்ஆர்22 பைலட், விமானத்தையே தாங்கி இறக்கும் பாராசூட்டில் கடலில் இறங்கி, ரப்பர் மிதவையில் ஏறி, பக்கத்தில் வந்த பயணக் கப்பலால் காப்பாற்றப்பட்டார். நேரம் இருந்தது, மிதவை இருந்தது, முன்கூட்டியே கடலோரக் காவல்படையோடு பேசி வைத்திருந்தார்.

தரையில் ஓர் ஆள்

கென்னடி அன்று ஃப்ளைட் பிளான், அதாவது எங்கிருந்து எங்கே எப்போது போகிறோம் என்று விமானப் போக்குவரத்து அலுவலகத்துக்கு முன்கூட்டியே தரும் விவரம், கொடுக்கவில்லை. விமானம் வந்து சேராததை யாரும் தானாகக் கவனிக்க வழியில்லை, நள்ளிரவு தாண்டிக் குடும்ப நண்பர் ஒருவர் சொன்ன பிறகுதான் கடலோரக் காவல்படைக்கே தெரிந்தது. எனவே பைலட் ஃப்ளைட் பிளான் கொடுத்தாரா என்று கேளுங்கள். கொடுத்திருந்தாலும் வீட்டில் ஒருவரிடம் இதை எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்: விமானத்தின் பதிவு எழுத்துகள், நிறம், எத்தனை பேர், எந்த வழி, எரிபொருள் எத்தனை மணி நேரத்துக்கு, எத்தனை மணிக்கு இறங்க வேண்டும், அவசர எண் எது. இறங்க வேண்டிய நேரத்துக்குப் பிறகு 30 நிமிடம் ஆகியும் தகவல் இல்லையென்றால் அந்த எண்ணுக்குப் பேச வேண்டும் என்று சொல்லுங்கள், திரும்பத் திரும்ப உங்கள் மொபைலுக்கே அடித்துக்கொண்டு இருக்கக் கூடாது. விமானத்தின் இடத்தைக் காட்டும் இணையதளத்தில் புள்ளி மறைந்தால் உடனே பதற வேண்டாம், தாழ இறங்கும்போது அது மறைவது சகஜம், கணக்கு இறங்கும் நேரத்திலிருந்துதான். அப்புறம், போய் இறங்கியவுடன் முதல் வேலை அந்த ஆளுக்குச் செய்தி அனுப்புவது, பைலட்டிடம் ஃப்ளைட் பிளானை முடித்தீர்களா, அதாவது இறங்கிவிட்டதைச் சொல்லிவிட்டீர்களா, என்று நினைவூட்டுவது. மனம் மாறி ஏறாமல் விட்டாலும் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் நீங்கள் பேருந்தில் தூங்கிக்கொண்டிருக்கும்போது கடலில் உங்களைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.